மழைமானி மன்றத்தின் இரண்டாவது உறுப்பினர்

விக்கிரமசிங்கபுரத்தில் காலையில் ஆலைச் சங்கு ஊதிவிட்டால் ஊரே சைக்கிளில் ஏறிவிடும். பெண்கள் மேனிலைப் பள்ளியின் விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்புப் படித்து வந்த முத்துராணிக்கு அந்தச் சங்கொலியோடு சம்பந்தம் ஒன்றும் இல்லை. அவளுடைய வேலை எட்டரை மணிக்குத்தான் தொடங்கும். பள்ளியின் பின்புறத்தில், மூடிக்கிடந்த வேளாண்மைப் பிரிவின் கொட்டகையை ஒட்டி ஒரு மழைமானி நின்றுகொண்டிருந்தது. அதன் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் கலத்தை எடுத்து, சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றுவாள். கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி அளவைப் பார்த்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதுவாள். எழுதும்படி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. எழுதினாயா என்று யாரும் கேட்டதும் இல்லை.

அவள் தகப்பனார் கொம்பையா, மாஞ்சோலைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். அங்கே மழை அளப்பது அவர் பொறுப்பு. மகள் மலையை விட்டு இறங்கிய அன்று அவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "கீழ நம்ம ஊரு மாதிரி பெய்யாது. பெய்யாத அன்னைக்கும் பூச்சியம்னு எழுதிப் போடு தாயி. எழுதாம விட்டா மழை இல்லைன்னு ஆவாது, பாக்க ஆள் இல்லைன்னுதான் ஆவும்."

அவ்வாண்டு மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்து நின்றுபோனபடியால், முத்துராணி பள்ளியில் சேரும்போது ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டது. அதற்குள் இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், செஞ்சிலுவை, சாரணியர் அணி எல்லாவற்றுக்கும் ஆள் சேர்த்து, செயலாளரும் தேர்ந்தெடுத்து முடிந்திருந்தது. அவள் ஒருநாள் துணிந்து இலக்கிய மன்றத்தின் செயலாளர் விஜயஸ்ரீயிடம் போய் நின்றாள். விஜயஸ்ரீ பன்னிரண்டாம் வகுப்பு. பேச்சுப் போட்டி என்றால் கோப்பை அவள் வீட்டுக்குத்தான் போகும்.

"எஸ்டேட்டா நீ? இப்ப எடமில்லையே. அடுத்த வருசம் பாப்போம், என்ன?" என்றாள் அவள். கடுமையாகச் சொல்லவில்லை. பேருந்தில் இடமில்லை என்று நடத்துநர் சொல்வது போலச் சொன்னாள். அன்றுமுதல் முத்துராணியின் பெயர் 'எஸ்டேட்டு' ஆயிற்று. வகுப்பில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பள்ளிக்கு அது வெள்ளி விழா ஆண்டு. தலைமையாசிரியை ஞானம்பாள் அம்மையார் முந்தைய கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் வந்தவர். அங்கே யாரோ வீட்டு வாசலில் பழைய பொருள்களைப் பரப்பி விற்றபோது, உயர்நிலைப் பள்ளி ஒன்றின் 1953ஆம் ஆண்டு மலரை வாங்கி வந்திருந்தார். கெட்டி அட்டை போட்ட, கனத்த புத்தகம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு படம். படத்தின் கீழே பெயர். பெயரின் கீழே அவர் எந்தெந்த மன்றத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற விவரம். லத்தீன் மன்றம், சதுரங்க மன்றம், வானொலி மன்றம், வருங்கால இல்லத்தரசியர் மன்றம் என்று அந்தப் பிள்ளைகள் மன்றமாகவே வாழ்ந்திருந்தார்கள்.

"நம்ம மலரும் இப்படித்தான் வரணும்" என்று அம்மையார் இறைவணக்கக் கூட்டத்தில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒரு பிள்ளை பேருக்குக் கீழேயும் வெறுமையா இருக்கப்படாது. ஒரு மன்றமுமா இல்லாம ஒரு பிள்ளை இருக்கும்?"

மன்ற விவரம் கேட்கும் படிவங்கள் மேனிலை வகுப்புகள் எல்லாவற்றுக்கும் போய் நிரம்பி வந்தன. அவற்றைப் பார்த்து அச்சகத்துக்குத் தெளிவான படி எழுத நல்ல கையெழுத்து வேண்டியிருந்தது. முத்துராணியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆகவே மாலை நேரங்களில் நூலக அறையின் மூலையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்ய அவளுக்கு உத்தரவாயிற்று. மாதிரி பார்த்துக்கொள்ள அமெரிக்கப் புத்தகமும் அவள் பக்கத்தில் வைக்கப்பட்டது.

விஜயஸ்ரீயின் பெயருக்குக் கீழே ஆறு மன்றங்கள். அவளுடைய தோழி சபீதாவுக்கு நான்கு. இரண்டு மூன்றுக்குக் குறைந்தவர் யாரும் இல்லை. நூற்று நாற்பது பெயர்களை எழுதி முடித்துத் தன் பெயருக்கு வந்தபோது முத்துராணியின் பேனா நின்றது. கொ. முத்துராணி என்று எழுதினாள். கீழே எழுத ஒன்றும் இல்லை. புத்தகம் அச்சாகி, நூற்று நாற்பது வீடுகளுக்குப் போய், ஐம்பது ஆண்டு பீரோவில் இருக்கும். அந்த வெற்றிடமும் கூடவே இருக்கும்.

மனம் ஒப்பாமல் அமெரிக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். அங்கேயும் தன்னைப் போல ஒருத்தி இருக்கமாட்டாளா என்று முகம் முகமாகத் தேடினாள். எண்பத்தேழாம் பக்கத்தில் கிடைத்தாள். மேபல் ஹார்ட். சுருட்டை முடி, கனத்த கண்ணாடி, பல் தெரியாத சிரிப்பு. பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. முந்நூறு பேர் கொண்ட புத்தகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் ஒன்றுமில்லை.

முத்துராணி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பெயருக்குக் கீழே 'மழைமானி மன்றம்' என்று எழுதினாள்.

மறுநாள் அம்மையார் அவளை அழைத்தார்.

"இது என்ன புதுசா இருக்கு, மழைமானி மன்றம்?"

"பின்னால மழைமானி இருக்குல்லா டீச்சர். தெனமும் அளக்கேன். ஆகஸ்டுலேருந்து ஒருநாள் விடலை."

"நல்ல காரியந்தான். எத்தனை பேரு அளக்கிய?"

முத்துராணி ஒரு விரலை மடக்கினாள். அடுத்த விரலுக்கு ஆள் இல்லை.

"ரெண்டு பேராவது இருந்தாத்தாம்மா அதுக்கு மன்றம்னு பேரு. ஒரு ஆளு செஞ்சா அது பொழுதுபோக்கு. அதை மலர்ல போட முடியாது."

"ரெண்டு பேரு டீச்சர்" என்றாள் முத்துராணி. நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டுவிட்டது. "நானும் மேபலும்."

அந்தப் பகுதியில் வேதக்காரர் என்னும் கிறிஸ்தவர் வீடுகளுக்குக் குறைவில்லை. மேபல், ஹெலன், ரோஸ்லின் என்று வகுப்புக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அம்மையார் மன்றப் பட்டியலை வாங்கினார். இனிஷியலைக் கேட்டு, 'எச். மேபல்' என்று அவரே தம் கையால் எழுதிக்கொண்டார். அமெரிக்கப் புத்தகத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர் போல மேடையில் பேசுகிறவர் அவர். எண்பத்தேழாம் பக்கம் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் படம் எடுக்க அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் தாணுமாலையன் வந்தார். வேப்பமரத்து நிழலில் பெஞ்சு போட்டு, ஒவ்வொரு மன்றமாகக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். இலக்கிய மன்றத்துக்கு மூன்று வரிசை, சாரணியருக்கு இரண்டு. கடைசியில் பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்த விஜயஸ்ரீ, "மழைமானி மன்றம்" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

முத்துராணி அளவுக் குவளையைக் கையில் பிடித்தபடி பெஞ்சின் முன்னால் வந்து நின்றாள்.

"மத்த பிள்ளைய எல்லாம் எங்கம்மா? பைய வந்தா வெயிலு போயிரும்" என்றார் தாணுமாலையன்.

"இன்னொரு ஆளுதான் அண்ணாச்சி. அவ வரலை."

"யாரு அது, எச். மேபல்?" என்று விஜயஸ்ரீ பட்டியலைப் பார்த்தாள். "எந்த மேபலுட்டி? பதினொண்ணு பி-யா?"

முத்துராணி குவளையை மறு கைக்கு மாற்றினாள். "கண்ணாடி போட்டிருப்பா" என்றாள்.

"ஏ, நம்ம மேபலுல்லா" என்று பின்னாலிருந்து சபீதா சொன்னாள். "பாபநாசம் பஸ்ல வருமே. ஒல்லியா, சுருட்டை முடி."

"சுருட்டை முடிதான்" என்றாள் முத்துராணி, தன்னையும் அறியாமல்.

"அந்தப் பிள்ளையா? எனக்குத் தெரியுமே. ரெண்டு நாளா பஸ்ல காணோம்னு பாத்தேன். அம்மையா அவளுக்கு? எங்க தெருவுலயும் போட்டிருக்கு" என்றாள் விஜயஸ்ரீ.

முத்துராணி தலையசைத்தாள். அசைத்த பின்புதான் அசைத்தது தெரிந்தது.

"அய்யோ பாவம்" என்றாள் விஜயஸ்ரீ. அந்தக் குரலில் இருந்த ஈரத்தை முத்துராணி அதுவரை கேட்டதில்லை.

தாணுமாலையன் தம் பழைய கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "நடுவுல நில்லும்மா. ஒத்தை ஆளுன்னாலும் நடுவுலதான் நிக்கணும்."

அடுத்த மூன்று வாரமும் முத்துராணியின் பள்ளி வாழ்க்கை புரண்டு படுத்தது. இறைவணக்கம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும் வழியில் ஒருத்தி நிறுத்துவாள். "மேபலுக்கு எப்படி இருக்கு? தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" உணவு இடைவேளையில் இன்னொருத்தி பக்கத்தில் வந்து உட்காருவாள். "அவ வீட்டுல வேப்பிலை கட்டிருக்காவளா? நீ போயி எட்ட நின்னுதான பாத்த?" போன ஆண்டு கோலப் போட்டியில் மேபல் தன்னோடு இருந்ததாகவும், சிரித்தால் அவள் கன்னத்தில் குழி விழும் என்றும் சபீதா பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்தில் முத்துராணியிடம் பேசாதவர்கள் எல்லாரும் பேசினார்கள். அவளை எல்லாரும் ஒரு பெயர் சொல்லியும் கூப்பிட்டார்கள். 'எஸ்டேட்டு' போய் 'மேபல் கூட்டாளி' ஆகியிருந்தது.

ஒருநாள் விஜயஸ்ரீ இரண்டு மாதுளம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மைக்கு நல்லது. அவகிட்ட குடுத்துரு."

"அக்கா" என்றாள் முத்துராணி. "மேபலுன்னு..."

"நான் குடுத்தேன்னு சொல்லு. வரட்டா? ரிவிஷன் டெஸ்டு இருக்கு."

அன்று மாலை விடுதியின் பின்படிக்கட்டில் அமர்ந்து முத்துராணி அந்தப் பழங்களை உடைத்தாள். எறிய மனம் வரவில்லை; வேறு யாருக்கும் கொடுக்கவும் வழியில்லை. ஒவ்வொரு முத்தாகத் தின்றாள். நல்ல இனிப்பு. பாதிப் பழத்துக்கு மேல் ருசிக்கவில்லை. ஆனாலும் முழுவதையும் தின்று தீர்த்தாள்.

பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி ஆண்டு விழா, மலர் வெளியாயிற்று. பிள்ளைகள் எல்லாரும் முதலில் தங்கள் பக்கத்தைத் தேடினார்கள். முத்துராணி நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். நீளமான பெஞ்சின் முன்னால் நட்ட நடுவில் அவள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கீழே, மற்ற மன்றங்களுக்குப் போட்டது போலவே அச்சகத்தார் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள்:

மழைமானி மன்றம். இடமிருந்து வலம்: கொ. முத்துராணி. படத்தில் இல்லாதவர்: எச். மேபல்.

விழா முடிந்ததும் வேப்பமரத்தடி களைகட்டியது. பன்னிரண்டாம் வகுப்பினர் மறுநாளிலிருந்து தேர்வு விடுமுறையில் போகிறவர்கள். ஒருவர் மலரில் ஒருவர் கையெழுத்திட, பின்னட்டையின் உட்பக்கம் வெற்றுத் தாளாக விடப்பட்டிருந்தது. முத்துராணியும் தன் மலரை அந்தப் பக்கத்தில் திறந்து, பேனாவை மேலே வைத்து, மரத்தடியில் நின்றாள்.

விஜயஸ்ரீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். பின்னாலேயே சபீதாவும் நாலைந்து பேரும் வந்தார்கள். முத்துராணி மலரைச் சற்று முன்னால் நீட்டினாள்.

"மேபல் கூட்டாளி, இந்தா" என்று விஜயஸ்ரீ வேறொரு மலரை அவள் கையிலிருந்த மலரின் மேலேயே வைத்தாள். "மேபலுக்கு ஒரு புஸ்தகம் தனியா வாங்கி எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிட்டோம். முப்பத்தாறு பேரு. பாவம், விழாவுக்குக்கூட வர முடியலையே. மறக்காமக் குடுத்துரு."

"அக்கா, எனக்கும் ஒரு கையெழுத்து..."

"பஸ்சு வந்துட்டுட்டீ" என்று சபீதா கத்தினாள். பாபநாசம் பேருந்து வாசலில் நின்று ஒலியெழுப்பியது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். ஓடுகிறபோதே விஜயஸ்ரீ திரும்பி, "ஒம் பேரு என்னட்டி? கேக்கணும் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். பதில் சொல்வதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

நூலக அறை இன்னும் பூட்டப்படவில்லை. முத்துராணி மேபலின் மலரைத் திறந்து படித்தாள். 'விரைவில் குணமாகி வா.' 'உன் சிரிப்பை மறக்கமாட்டேன்.' 'கோலப் போட்டி நினைவிருக்கிறதா? சபீதா.' பக்கம் முழுவதும் ஊதாவும் பச்சையும் சிவப்புமாக நிறைந்து வழிந்தது. அமெரிக்கப் புத்தகத்தை எடுத்து எண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பாத்தியாட்டி" என்றாள் மெதுவாக. "முப்பத்தாறு பேரு."

கண்ணாடிக்குள்ளிருந்து மேபல் ஹார்ட், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். முத்துராணி பென்சிலை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே நாற்பத்து மூன்று ஆண்டாகக் காலியாகக் கிடந்த இடத்தில் 'மழைமானி மன்றம்' என்று தன் நல்ல கையெழுத்தில் எழுதினாள். இரண்டு புத்தகங்களையும் அலமாரியில் சேர்த்து வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் சனிக்கிழமை. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். எட்டரை மணிக்கு முத்துராணி கொட்டகைக்குப் பின்னால் போனாள். நோட்டை எடுக்க மறந்து, கையில் இருந்த தன் மலரோடு வந்துவிட்டிருந்தாள். புனலைக் கழற்றிக் கலத்தைக் கவிழ்த்தாள். ஒரு காய்ந்த வேப்பம்பூ விழுந்தது. ஆனாலும் குவளையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து, மலரின் பின்னட்டையைத் திறந்து, யாரும் கைவைக்காத அந்த வெள்ளைத் தாளின் மேற்பகுதியில் எழுதினாள்:

24.2.1996. மழை: 0. பார்த்தவர்: கொ. முத்துராணி.