ஒத்துப்போன எண்கள்

மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது. துணி உரசும் சத்தம். பிறகு ஒரு நீண்ட மூச்சு. பிறகு மறுபடியும் உரசல். பட்டப்பகல் இரண்டு மணிக்குக் கட்டடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கைப்பிடிக் கம்பிகளின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

மேலே, இரண்டாம் மாடிக்கு நாலைந்து படிகள் கீழே, அவளுடைய பதினைந்து வயது மகள் உட்கார்ந்தபடியே படியேறிக்கொண்டிருந்தாள். முதுகு மேல்பக்கம். மடியில் பள்ளிக்கூடப் பை. இரண்டு உள்ளங்கைகளையும் அடுத்த படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி வைத்து, கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, மறுபடியும் ஊன்றினாள். ஒரு படிக்கு அரை நிமிடம். சத்தம் வரக்கூடாதென்று காலணிகளைக் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தாள்.

இன்று காலை மகள் தன் வலிக்கு எழுதிய எண் இரண்டு.

அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் தெரியும்.

ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவள் பூனைபோல் இறங்கிவந்து மின்சார மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பதினைந்து நிமிடம் கழித்து, வேண்டுமென்றே இருமிக்கொண்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு மேலே போனாள்.

கதவைத் திறந்த மகள் தலைவாரி, முகம் கழுவி, நேராக நின்றிருந்தாள்.

"என்னம்மா, கடையில அரைநாள் விட்டுட்டாங்களா? மழைதான் வரப்போகுது."

"நாலு மணிக்கு நம்பர் மேடத்தைப் பாக்கணும்ல. எப்படிடி இருக்கு?"

"ரெண்டு."

"படியேறினப்ப?"

"அப்பவும் ரெண்டுதான். என்ன, போலீஸ் மாதிரி கேக்குற?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினாள். அவ்வளவு நல்ல சிரிப்பு.

நம்பர் மேடம் என்பது அவர்கள் வைத்த பெயர். பெரிய மருத்துவமனையில் அவர் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். காயமில்லை, வீக்கமில்லை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் உடம்பு முழுக்க மாதக்கணக்கில் விடாமல் வலிக்கும் வளரும் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி. நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. அப்பாவுக்கு அது வாயில் நுழையவே இல்லை. "பேரு மட்டும் ரயில் மாதிரி நீளமா இருக்கு, பெட்டிக்குள்ள ஒண்ணையும் காணோம்" என்பார். மேடத்திடம் வருவதற்கு முன் மூன்று டாக்டர்கள். ஒருவர் வளர்ச்சி வலி என்றார். ஒருவர் மனசு என்றார். மூன்றாமவர் மகளை வெளியே அனுப்பிவிட்டு, "பரீட்சை எப்பம்மா வருது?" என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை வகுப்பின் நடுவிலேயே, "இவளுக்கு வலிகூட டைம்டேபிள் பாத்துத்தான் வரும்" என்று சொல்லியிருந்தார்.

நம்பர் மேடம் ஒருவர்தான், "வலிக்குதுன்னா வலிக்குது" என்றார். அன்று மருத்துவமனைக் கழிப்பறையில் போய் அழுத அழுகையை அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

வலி குறையப் பன்னிரண்டு வாரம் பயிற்சி. கூடவே இரண்டு சின்ன நோட்டுகள். நீல அட்டை மகளுக்கு: தினம் மூன்று வேளை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலியின் எண். மஞ்சள் அட்டை அம்மாவுக்கு: மகளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைக்கிறாளோ அந்த எண். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது. "வித்தியாசம் இருந்தா தப்பே இல்லைங்க. நாங்க பாக்கப்போறதே அந்த வித்தியாசத்தைத்தான்" என்று மேடம் இரண்டு முறை சொன்னார். பெரிய இடத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் அவள் போட்டது ஐந்து. மனசு கேட்காமல் மகளின் பென்சில் பெட்டிக்கு அடியிலிருந்த நீல நோட்டைப் பிரித்தாள். எட்டு. மூன்று எண் வித்தியாசம். இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? பெற்றவளே நம்பவில்லை, பெண் ஏதோ கதை விடுகிறது என்பார்கள். ஐந்தை எட்டாகத் திருத்தினாள். அன்றிலிருந்து தினமும் நீல நோட்டைப் பார்த்துத்தான் மஞ்சளை நிரப்பினாள்.

நாலாவது வாரத்திலிருந்து எண்கள் இறங்கத் தொடங்கின. ஏழு. ஆறு. நாலு. அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்பா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை.

பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுவரை இது அம்மாவின் கண்ணில் பட்டதே இல்லை. படாமல் எப்படி இருந்தது?

அவள் துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் தையல்காரி. இருபது வருடமாக அளவு நாடாவைப் பிடிக்கிற கை. நாடா இடுப்பைச் சுற்றியதும் ஆட்கள் தங்களையறியாமல் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது. பேசாமல் ஓர் அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் முறை உட்காரும்போதே தையல் விட்டுவிடும். ஊரெல்லாம் எக்குவதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள், வீட்டில் ஒருத்தி எட்டு வாரமாக எக்கிக்கொண்டிருந்ததைக் கோட்டைவிட்டுவிட்டாள்.

மேடத்தின் அறையில் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகள். நீலம், மஞ்சள். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே இறங்கின.

"இத்தனை குடும்பத்துல உங்க கோடு ரெண்டும்தான் இவ்வளவு ஒத்துப்போயிருக்கு" என்றார் மேடம். முகமெல்லாம் மலர்ச்சி. "ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி ஒரே எண் வர்றதால, இது நிஜமாவே இறங்கியிருக்குன்னு தைரியமா எழுதலாம். பயிற்சி முடிஞ்சுது. இனிமே இங்க வரவேண்டாம். ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் தர்றேன். விளையாட்டு, மாடி வகுப்பு, எல்லாம் மத்த பிள்ளைங்க மாதிரியே."

ஒரு படிவத்தை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "இங்க ஒரு கையெழுத்து."

மகள் மேடத்தைப் பார்த்துச் சிரித்தாள். மேசைக்கு அடியில் அவள் கட்டைவிரல் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்திருந்தது.

அம்மா பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டால் நாளையிலிருந்து இவள் குணமானவள். வலிக்கிறது என்று இனி எங்கே போய்ச் சொன்னாலும் இந்தக் கடிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சொல்லிவிட்டால்? நம்பிய ஒரே ஒரு ஆளிடம், அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே பொய்க்காரிகள். அந்தக் கழிப்பறைக்குப் போய் மறுபடியும் அழ வேண்டியதுதான்.

"மேடம்" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "மஞ்சள்ல இருக்கிறது நான் நினைச்சது இல்ல. அவ நோட்டைப் பாத்து எழுதினது."

மேடத்தின் முகத்திலிருந்த மலர்ச்சி உடனே போகவில்லை. மெல்ல வற்றியது. "எந்தத் தேதியிலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"அம்மா, பேசாம இரேன்" என்றாள் மகள்.

"இன்னைக்குப் படியில உன்னைப் பாத்தேன்டி. உக்காந்து ஏறினியே."

மகளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "உன்னை யாரு பாக்கச் சொன்னா? நோட்டுல நான் ரப்பர் பேண்டை ஒரு சுத்துதான் போடுவேன். நீ ரெண்டு சுத்து போட்டு வைப்ப. முதல் வாரமே தெரியும். எட்டுன்னு எழுதின அன்னைக்கெல்லாம் நீ சாப்பிடல. நாலு போட்ட அன்னைக்குப் பாட்டுப் பாடிட்டே பாத்திரம் கழுவின. நான் வேற என்ன எழுதறது?"

மேடம் இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டு வார வேலை. திட்டுவார் என்று அம்மா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை நான் மேல சொல்லித்தான் ஆகணும்" என்றார் கடைசியில். "உங்களை இதுல வெச்சுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது." படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கவிழ்த்து, நடுவில் இரண்டாகக் கிழித்தார். வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். "திரும்பி உக்காருங்க. ரெண்டு பேரும். இப்ப, இந்த நிமிஷம் எவ்வளவு? எழுதினதும் மடிச்சு என்கிட்ட கொடுங்க."

நாற்காலிகளைத் திருப்பினார்கள். அம்மாவுக்கு எதிரே வெள்ளைச் சுவர். முதுகுக்குப் பின்னால் மகள். மடியில் காகிதம். வேளைக்கு ஒன்றாக எண்பத்துநாலு நாள் எண் எழுதிய கைக்கு இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. ஏழா? ஒன்பதா? அந்தப் படிகளுக்கு என்ன எண்? பத்துக்குமேல் எழுத இடம் உண்டா? பார்க்காமல் ஓர் எண்ணைக்கூடத் தன்னால் போட முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

காதைத் தீட்டிக்கொண்டாள். பின்னால் நாற்காலி ஒருமுறை முனகியது. பேனா மூடி கழன்ற சத்தம் கேட்டது. காகிதத்தில் பேனா படும் சத்தத்துக்காக, தன் பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் அவள் காத்திருந்தாள். பின்னால் இருந்தவளும் மூச்சுவிடவில்லை.