ஹாபிக்கு வாங்கின ஸ்கோப்

ஷர்லி அழுததை உமைர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். சொல்லட்டும். நான் அழுததை அவன் ஒருத்தரிடமும் சொல்லவில்லையே!

திருமயத்தில் நான், புதுக்கோட்டையில் ஷர்லி, கட்டுமாவடியில் உமைர். எலெக்ட்ரானிக்ஸ் கிறுக்குப் பிடித்த மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு ஆஸிலோஸ்கோப் வாங்கினோம். சர்க்யூட்டில் ஓடும் மின்சாரத்தின் அலையைத் திரையில் காட்டும் பெட்டி. தனியாக வாங்க எங்களில் யாருக்கும் வக்கில்லை. வாரம் ஒருத்தர் வீட்டில் இருக்கும். தகராறு என்றால் இரண்டு பேர் சொல்வதுதான் முடிவு.

போன வருஷம் கட்டுமாவடிப் படகுக்காரர்கள், மீன் கூட்டம் காட்டும் கருவிகளைப் பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இருந்த வேலையை விட்டேன். கடை பிடித்து அட்வான்ஸும் கொடுத்தேன். அந்த வேலைக்கு ஸ்கோப் வேண்டும் என்றதும் ஷர்லி ஒரே பேச்சில் கவிழ்த்துவிட்டாள்.

"ஹாபிக்கு வாங்குனதுண்ணே. காசு பாக்குற வேலைக்குத் தொடக் கூடாது."

உமைர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். படகுக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். கடை திறக்காமலே மூடியது. அன்றைக்கு உமைர் முன்னால்தான் அழுதேன்.

அப்புறம் அவளுக்கு வந்தது முறை. மோட்டார் ஓட்டும் சர்க்யூட் ஒன்றைச் செய்து, அதன் அலை ஸ்கோப்பில் தெரிகிற வீடியோவை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது ஒரு கோயம்புத்தூர் கம்பெனி. அனுப்பினால் வேலை. படித்து முடித்ததிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த வேலை. அந்த வாரம் ஸ்கோப் என் வீட்டில்.

"காசு பாக்குற வேலைக்குத் தொடக் கூடாதுன்னியே ஷர்லி?"

"அது யாவாரம்ணே. இது என் வாழ்க்கை."

"என் கடை மட்டும் என்ன, வெளையாட்டா?"

மாடு மறுபடியும் அவள் பக்கமே தலையாட்டியது. சரி, இரண்டு பேர் சொன்னால் முடிவு. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மத்தியானம் போன் வந்தது.

"அண்ணே, ப்ரோபைக் காணோமே!"

சர்க்யூட்டைத் தொடும் ஒயர்தான் ப்ரோப். அது இல்லாவிட்டால் பெட்டிக்குக் கண் கிடையாது. பெட்டியோடு வந்த ப்ரோபை ஷர்லிதான் எதிலோ தப்பாக வைத்து எரித்துவிட்டாள். புதுசு நான் வாங்கியது. பங்கு கேட்டபோது இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

"பெட்டி பொது. ப்ரோப் ஏஞ்சொந்தம். காசு பாக்குற வேலைக்குத் தர மாட்டேன்."

"இங்க எந்தக் கடையிலயும் கெடைக்காதுண்ணே. நானே பஸ் ஏறி வாரேன், குடுத்துருங்கண்ணே."

"வா. டீ தாரேன்."

அப்போதுதான் அழுதாள். அவள் அம்மா அடைக்கலமேரி போனை வாங்கி, "தம்பி, ஒங்க தங்கச்சியா நெனச்சு..." என்று ஆரம்பித்தார். கட் செய்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இப்போது ஷர்லி புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் டிஸ்ப்ளே மாற்றுகிறாள். உடைந்த என் போனை வேண்டுமென்றே அங்கே கொண்டுபோனேன். என் கையிலிருந்து அவள் கூலி வாங்குவதைப் பார்க்க ஆசை. மாற்றினாள், துடைத்துக் கொடுத்தாள். ரூபாயை நீட்டினேன்.

"வேணாம்ணே. டிஸ்ப்ளே காசு என் சம்பளத்துல கழிச்சுக்குவாங்க."

"ஏன், வேலை பாத்தேல்ல? வாங்கிக்க."

"ஒங்களுக்குப் பண்ணுனது ஹாபிக்குண்ணே," என்றாள், தலை நிமிராமல். அடுத்த ஆளின் போனை வாங்கக் கையை நீட்டினாள்.