வெறுங்கால் எழுத்து

"அப்பா, இந்த எழுத்தெல்லாம் ஏன் செருப்பு போட்டிருக்கு?"

அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவரின் மகள் ஐந்து வயதில் இப்படிக் கேட்டாள். அவர் கணினியில் பார்த்தார். ஆங்கில எழுத்துகளின் அடியில், குச்சி முடியும் இடத்திலெல்லாம், சின்னச் சின்னக் கோடுகள். இருபது வருடம் அவற்றோடு குடித்தனம் நடத்தியும் அவருக்குத் தோன்றாத கேள்வி.

"வரிசை கலையாம நிக்கணும்ல, அதுக்குத்தான். படிக்கிற கண்ணும் வழுக்காது."

"அப்ப செருப்பு இல்லாததெல்லாம்?"

"அது வெறுங்கால் எழுத்து."

வாசலில் இருந்த வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அன்றிலிருந்து கழிவுத் தாள் எது கிடைத்தாலும் எழுத்துகளின் காலைத்தான் முதலில் பார்ப்பார்.

முதலாளிக்கோ செருப்பு எழுத்தின் மேல் பயபக்தி. நீதிமன்றத் தாளிலும் பழைய புத்தகங்களிலும் பார்த்துப் பழகியவர். ஒருமுறை அந்த எழுத்தில் வந்த சோப்பு விளம்பரத்தைக்கூட எழுந்து நின்று படித்தார்.

ஒரு நாள், ஓய்வுபெற்ற நீதிபதி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் அச்சுக்கு வந்தது. "அட்டையில ஒரு குறை வந்துச்சுன்னா, உன் நாற்காலியில வேற ஆளு" என்று வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட்டு முதலாளி மாடிக்குப் போனார். மெஷின் ஓடத் தொடங்கியது. வாட்ச்மேன் முதல் அட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், தலைப்புல மூணாவது ஆளு மட்டும் செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்திருக்காரு."

வடிவமைப்பாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். கடைசி நேரத்தில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டியிருந்தார். அதில் வேறு எழுத்துரு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் முதலாளி படியில் தடதடவென்று இறங்கினார்.

"எவன் நிறுத்தினது?"

"நான்தான் முதலாளி," என்றார் வாட்ச்மேன். "சுவிட்சுல துண்டு மாட்டிக்கிச்சு."

பொய்தான். கடவுள் மன்னித்திருப்பார் என்று நம்புவோம்.

"வாசலைப் பார்க்கிற ஆளுக்கு உள்ள என்னய்யா வேலை? திங்கட்கிழமையிலேருந்து வாசலை மறிச்சு ஒரு வண்டி நின்னாலும் நீ வீட்டுக்குப் போ."

அட்டை திருத்தப்பட்டது. நாற்காலி தப்பியது. வடிவமைப்பாளர் உண்மையைச் சொல்ல மாடிப்படி ஏறினார்; வாட்ச்மேன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பாப்பா ஃபீஸ் கட்டணும்ல சார். பேசாம போங்க."

ஆனால் வாசலில் வண்டிகள் நிற்காத நாள் கிடையாது. 'வண்டி நிறுத்தாதீர்' என்று வாட்ச்மேன் சாக்பீஸில் எழுதி வைத்த பலகையின் மேலேயே ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் போவார்.

திங்கட்கிழமை விடிந்ததும் வடிவமைப்பாளர் வந்தார். வாட்ச்மேன் பின்பக்கம் தண்ணீர் மோட்டார் போடப் போயிருந்தார். வடிவமைப்பாளர் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். 'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது' என்பதை ஆங்கிலத்தில், செருப்பு எழுத்தில், நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு அடித்திருந்தார். சுவரில் நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். கைக்குட்டையால் துடைத்தார். ஒவ்வொரு எழுத்தின் காலையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாரும் செருப்பு போட்டிருந்தார்கள்.

பிறகு தெருமுனைக்குப் போய் நின்றார்.

முதலில் வந்தது முதலாளியின் கார். வழக்கம்போல் வாசலை மறித்து நிற்கத் திரும்பிய கார் தகட்டுக்கு முன்னால் நின்றது. முதலாளி இறங்கினார், கைகட்டி நின்று படித்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் காரைப் பின்னுக்கு எடுத்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்.

வடிவமைப்பாளர் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேலை நேரம் ஆகும்வரை ஊரைச் சுற்றி நடந்தார்.