விசிலுக்கு ஒரு முடி வலப்பக்கம்

"ஊசிய மட்டும் நகத்திடாதடா தம்பி" என்று அக்கா சொல்லித்தான் ரேடியோப் பெட்டியைக் கொடுத்தாள். வால்வுக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டுவதற்கென்ன, காசா பணமா!

வால்வுக்காரர் என்பது சொந்தக்காரர்கள் வைத்த பெயர். வேலை வங்கியில். உயிர் இருப்பதெல்லாம் பழைய வால்வு ரிசீவர்களில். கப்பலிலும் பட்டாளத்திலும் தந்தி கேட்க வைத்திருந்த, ஆளைச் சாய்க்கிற கனமுள்ள இரும்புப் பெட்டிகள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், எங்கே திரும்பினாலும் பெட்டிதான். "அசந்து தூங்கினா என்னையும் கழட்டிப் பாத்துடுவாரு" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவின் பெட்டி அத்தானுடையது. அத்தான் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். அவர் கரைக்குச் செய்தி அனுப்புகிற நேரத்தில் அக்கா வீட்டில் இந்தப் பெட்டியைப் போட்டுக் காதைக் கொடுப்பாள். மோர்ஸ் தந்தியில் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. ஆனால் தட்டுகிற தினுசை வைத்தே அவர் கைதான் என்று அடித்துச் சொல்வாள். ஒரு புயலுக்குப் பிறகு அந்தக் கை கேட்கவில்லை. கப்பலும் திரும்பவில்லை. அக்கா ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவு முழுக்கப் பேசியது. அவளோ தினமும் சாயங்காலம் பெட்டியைப் போட்டு, ஊசியைத் தொடாமல், எதிரே உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்தும் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பெட்டியே ஊமையாகிப் போனது.

ஊமையானதற்குக் காரணம் காய்ந்துபோன கண்டென்சர்களும் ஒரு செத்த வால்வும். மாற்றியதுமே பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! டயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யாமல் ஒரு பெட்டியை வெளியே அனுப்பினால் அவருக்குத் தூக்கம் வராது. நகர்த்தினால் என்ன, திருப்பி வைத்தால் போயிற்று என்று, ஊசி நின்ற இடத்தில் கண்ணாடிமேல் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

ஓட்டிப் பார்க்கும்போது, கோடு போட்ட இடத்திலேயே சன்னமாக ஒரு விசில் கேட்டது. ஏரியலைக் கழற்றினார். அப்போதும் கேட்டது. அப்படியானால் வெளியிலிருந்து வருவதல்ல. மோர்ஸ் கேட்பதற்காக இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள்ளேயே தானாகவே ஒலி எழுப்புகிற ஒரு சின்ன ஆஸிலேட்டர் உண்டு. அதன் தகர மூடி அடிச்சட்டத்தோடு சரியாகப் பொருந்தாமல் சத்தம் கசிந்துகொண்டிருந்தது. "இத்தன வருஷம் இந்த இம்சையோட கேட்டிருக்காளே, பாவம்" என்று ஒரு செம்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்தார். விசில் அடங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. அந்தச் சூட்டோடு, எல்லாப் பெட்டிக்கும் கடைசியில் செய்வதுபோல, ஸ்பிரிட் துணியால் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தார்.

துடைத்து முடித்துத் துணியை மடிக்கும்போதுதான் அதிலிருந்த மெழுகுக் கறை கண்ணில் பட்டது.

அட மனுஷா! போட்ட கையே அழித்துவிட்டதே! வால்வுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஸ்பிரிட் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அக்காவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனம் மெல்லச் சொன்னது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் ஊசியை நிறுத்தி, பெட்டியை அவள் வீட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

அக்கா பெட்டியைப் போட்டாள். வால்வுகள் சூடேறி இரைச்சல் வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்கடா விசில்?"

"அது கோளாறுக்கா. சரி பண்ணிட்டேன்."

"ஊசி?"

பொய் சொல்லத்தான் வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "நகத்திட்டேன். அடையாளம் போட்டு வெச்சேன், அதையும் நானே தொடச்சுட்டேன். மன்னிச்சுடுக்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது. "விசிலத் திருப்பிக் குடு" என்றாள்.

பெட்டியை நிறுத்திப் பின்பக்கத்தைத் திறந்தார். தானே பற்றவைத்த பட்டையைத் தானே வெட்டினார். நல்ல பெட்டியைக் கெடுப்பது வாழ்நாளில் அதுதான் முதல்தடவை. மறுபடி போட்டதும் அக்கா குமிழை மெல்லத் திருகினாள். எங்கிருந்தோ அந்த விசில் எழுந்தது. அவள் கை நின்றது.

"அக்கா, இது வெளியிலேருந்து வரல. பெட்டியோட சத்தம்தான்."

"எனக்குத் தெரியாதா? அவரே சொன்னதுதான். 'மொதல்ல விசிலப் புடி. அங்கேருந்து ஒரு முடி வலப்பக்கம் தள்ளு. நான் இருப்பேன்'னாரு."

வால்வுக்காரருக்கு விளங்கவில்லை. "அப்பறம் ஏன் விசில்லயே வெச்சிருந்தே?"

"விசில்ல நிக்கிற வரைக்கும் பக்கத்துலதான இருக்காரு. தள்ளிப் பாத்தா..." குமிழிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "எனக்குத் தைரியம் வரலடா. இப்பதான் நீ நகத்தியாச்சே. இனிமே என்ன இருக்கு?"

குமிழை ஒரு முடியளவு வலப்பக்கம் தள்ளினாள். விசில் இறங்கி, தேய்ந்து, நின்றது. வெறும் இரைச்சல். அக்கா மூச்சுக்கூட விடாமல் கேட்டாள். தனக்குக் கேட்காதது அவளுக்குக் கேட்டுவிடாதா என்று அவரும் கேட்டார்.

"இல்லடா" என்றாள். "அவரு இல்லடா தம்பி."

அப்படியே அவர் தோளில் சாய்ந்து, இத்தனை வருஷம் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். வால்வுக்காரருக்கும் கண் மறைத்தது. ஒரு கையால் அக்காவைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பெட்டியை நிறுத்த நீட்டினார்.

"இருடா" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் கேக்கறேன்."