ஒருபோதும் கொதிக்காத வண்டி

"வண்டிக்குக் குளிராதாப்பா?" என்று மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாள், நம்ம வண்டிக்கு வெயிலும் ஒன்றுதான் பனியும் ஒன்றுதான் என்று அசன்குல் சொன்னான், அந்தப் பழைய நீல லாரியைப் பார்த்தால் இன்றும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது... ஆனால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏன் ஐம்பதிலேயே நிற்கிறது, எண்பதுக்குப் போக வேண்டிய முள்? நரின் நகர ஆஸ்பத்திரியை விட்டு ஒரு மணி நேரமாகிறது, எஞ்சின் சூட்டை வாங்கி ஊத வேண்டிய ஹீட்டர் ஊதுவது வெறும் பனிக்காற்று, கணவாய் இன்னும் முப்பது கிலோமீட்டர், பக்கத்தில் ஆட்டுக்காரன் குபாத்தின் மனைவி சைரகான், மடியில் நான்கு நாள் குழந்தை. தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தான், அவள் வாங்கவில்லை. "மூணு போர்வ சுத்தியாச்சுண்ணே. இழுக்குற மூச்சுதான் குளிருது, மூக்கத் தொட்டா ஐஸா இருக்கு. உங்க வண்டி கொதிக்கவே கொதிக்காதாமே?" "கொதிக்காதும்மா." "கொதிக்க வேணாம், கொஞ்சம் வெதுவெதுன்னு இருந்தாப் போதும்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், நான்கு நாள் அசதி, தூங்கியே போனாள். குழந்தை மட்டும் சின்னதாக முனகியது.

கொதிக்காது... ரேடியேட்டர் கொதித்ததே, ஜூலையில், இதே ஏற்றத்தில். மேய்ச்சலில் இருந்த குபாத் ஓடையிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கி வந்தான், "நான் எதையும் பாக்கலண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனான், இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றினான், மலை ஓட்டுநர்கள் கோடையில் செய்வதுதான், தண்ணீர் தடையில்லாமல் ஓடும், எஞ்சின் சூடாகாது. அக்டோபரில் எல்லாரும் திரும்ப மாட்டி, ரேடியேட்டரில் பனிக்காற்று படாமல் முன்பக்கம் பழைய ரஜாய்ப் போர்வையும் கட்டிக்கொண்டார்கள். இவன் மட்டும், வண்டிக்கு என்னய்யா பிரசவமா, போர்த்திவிடுறீங்க என்று கேலி பேசினான்... அந்த வால்வு வீட்டு அலமாரியில் கிடக்கிறது. அறுவடை விழாவில், கணவாயில் ஒருமுறையும் நிற்காத ஓட்டுநர் என்று இந்த வெள்ளை மேலங்கியைப் போர்த்தினார்கள், கழுத்தெல்லாம் தங்க நூல், கூட்டத்தில் குபாத்தும் கை தட்டினான். எப்படித் தட்டினான் அவன், எல்லாம் தெரிந்தவன்?

வண்டியை ஓரம் கட்டினான். இறைவன் பெயரைச் சொல்லி இறங்கினான், மேலங்கியை ரேடியேட்டரின் முன் விரித்தான், தங்க நூல் உள்பக்கம் போகட்டுமா என்று ஒரு கணம் தயங்கி, வெட்கப்பட்டு, கிடைத்தபடியே கயிற்றால் இறுக்கினான். பத்து நிமிடத்தில் முள் அறுபது, பிறகு எழுபது, கணவாயின் உச்சியில் எண்பது. ஹீட்டர் ஊதியது ரொட்டி அடுப்பைத் திறந்தாற்போல் இருந்தது. முனகல் நின்றது, போர்வைக்குள் விரலை விட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்தான், வெதுவெதுப்பு. மேலங்கியைத் தோளில் போர்த்திய அன்றுகூட இப்படிப் பெருமையாக இருக்கவில்லை.

ஊருக்கு முந்தைய வளைவில் மறுபடி நிறுத்தினான். சைரகான் விழிக்கவில்லை, சாலையில் ஆள் இல்லை. மரத்த விரல்களால் முடிச்சை அவிழ்த்தான், வெள்ளையெல்லாம் எண்ணெய்க் கறை, சேறு, இனி எந்த விழாவுக்கும் ஆகாது, சுருட்டி இருக்கைக்கு அடியில் தள்ளினான். பார்த்தால் குபாத் நன்றி சொல்வான், அவன் எதற்குச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டியவன் நானல்லவா, அதனால்தான் மறைக்கிறேன்... அதனால் மட்டும்தானா, இல்லை இந்த வண்டியின் பெயருக்காகவும்தானா? முள் மெல்ல இறங்கத் தொடங்கியது, குழந்தை வீடு சேரும்வரை சூடு தாங்கும், அவன் கியரைப் போட்டான்.