இரண்டாம் பாத்தி

எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. விசில் அக்கா, ஸ்கேல், தூங்குமூஞ்சி, வாழைத்தண்டு. எனக்கு வைத்த பெயர் 'புதுசு'. சேர்ந்து ஐந்து மாதம் ஆன பிறகும் புதுசுதான். ஒரு செருப்பு வாங்கினால்கூட ஐந்து மாதத்தில் பழசாகிவிடும். எனக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

தோட்டம் என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் ஓட்டை வண்டிகளைப் போட்டு வைத்திருந்த காலியிடம். அதைச் சுத்தம் செய்து, பத்துப் பாத்தி போட்டு, 'இளைஞர் தோட்டத் திட்டம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வரை யார் வேண்டுமானாலும் சேரலாம். விளைகிற காய்கறி சனிக்கிழமைதோறும் பக்கத்து முதியோர் இல்லத்துக்குப் போகும். படிப்பு, ஆரோக்கியம், சேவை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நான் அந்த மூன்றில் எதற்காகவும் சேரவில்லை. சனிக்கிழமை காலையில் அங்கே இருபது பேர் இருப்பார்கள், அதற்காகச் சேர்ந்தேன்.

எங்கள் வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா தவறி இரண்டு வருடமாகிறது. அதற்குப் பிறகுதான் இந்த ஊருக்கு வந்தோம். அப்பாவுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால் ராத்திரி நான் தூங்கிய பிறகுதான் வருவார். நான் பள்ளி விட்டு நாலு மணிக்கு வருவேன். நாலு மணியிலிருந்து படுக்கிற வரை அந்த வீட்டில் சத்தம் போடுவது குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். காலையில் அப்பா தூக்கக் கண்ணோடு, "நல்லா இருக்கியாம்மா?" என்பார். ஒரே வீட்டில் இருக்கிற பெண்ணைக் கேட்கிற கேள்வியா இது? "நல்லா இருக்கேம்பா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

விசில் அக்காதான் தோட்டத்தின் பொறுப்பாளர். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, கை கழுவாமல் யாராவது கேரட்டைக் கடித்தால் ஊதிவிடுவார். எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்திருந்தார். தினமும் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம், எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்று எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'யாருடன் சாப்பிட்டாய்?' என்று ஒரு கேள்வி. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது உடம்புக்கு நல்லதாம். முதல் வாரம் அதை வெறுமையாக விட்டேன். அக்கா சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டார். அடுத்த வாரத்திலிருந்து 'அப்பா' 'அப்பா' என்று வரிசையாக எழுதித் தள்ளினேன். அடுப்பு மேடை ஓரத்தில் நின்றபடியே ரொட்டியை விழுங்குகிறவளிடம் போய் யாருடன், எவருடன் என்று. யாரைக் கேட்டு அச்சடித்தார்களோ தெரியவில்லை.

ஜோடி ஜோடியாகப் பிரித்தபோது எனக்கு வந்தவள் ஸ்கேல். என்னிடம் யாரும் வரவில்லை, அவளிடமும் யாரும் போகவில்லை. விசில் அக்கா மிச்சம் இரண்டையும் சேர்த்துவிட்டார். அவள் பையிலிருந்து எப்போதும் ஒரு ஸ்கேல் நீட்டிக்கொண்டிருக்கும். இலையை அளப்பாள், தண்டை அளப்பாள், மழை பெய்தால் குழியில் தேங்கிய தண்ணீரை அளப்பாள். முதல் மூன்று சனிக்கிழமையும் என்னிடம் சென்டிமீட்டரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

எங்களுக்குக் கொடுத்தது ஒரு சோதனை. இரண்டு பாத்தி, பாத்திக்குப் பன்னிரண்டு தக்காளிச் செடி. முதல் பாத்திக்கு மக்கிய உரம் போடுவோம், இரண்டாம் பாத்திக்கு எதுவும் கிடையாது, வெறும் தண்ணீர். வாரா வாரம் உயரத்தை அளந்து எழுத வேண்டும். உரம் எவ்வளவு உதவுகிறது என்பது அதில் தெரியும். இரண்டுக்கும் வேறு எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது என்று ஸ்கேல் என் முகத்துக்கு நேராக விரலை நீட்டிச் சொன்னாள். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

நாலாவது வாரம் முதல் பாத்தி இருபத்தாறு சென்டிமீட்டர். இரண்டாம் பாத்தி பதினொன்று. இலையெல்லாம் வெளுத்து, மாற்றாந்தாய்ப் பிள்ளைபோல நின்றது. பார்க்க வருகிறவர்கள் முதல் பாத்திக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "இது ஏன் இப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "அது அப்படித்தான் இருக்கணும்" என்று விசில் அக்கா சிரித்தார். எனக்கு ஏனோ சுருக்கென்றது. அது என்ன தப்பு செய்தது?

வார நாட்களில் தண்ணீர் ஊற்றுவது முறை வைத்து. என் முறை செவ்வாய். மற்றவர்களுக்கு டியூஷன், கல்யாண வீடு, காய்ச்சல் என்று ஏதாவது வரும். "புதுசு, நீ ஊத்திடுறியா?" என்பார்கள். எனக்கென்ன, வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? அப்படி வாரத்தில் மூன்று சாயங்காலம், சில வாரம் நாலு, அந்தத் தோட்டத்தில் நான் மட்டும் இருப்பேன்.

உரம் மக்குகிற பீப்பாய்க்கு அடியில் ஒரு வாளி உண்டு. கறுப்பாக உரத்தண்ணீர் அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, அதில் கொஞ்சம் எடுத்துப் பூவாளியில் கலந்து, இரண்டாம் பாத்திக்கு ஊற்றிவிட்டேன். ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை இன்னொரு தடவை. அப்புறம் கணக்கே இல்லை. சோதனையைக் கெடுக்கிறோம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் ஊற்றினேன். வெளுத்த இலை பச்சைக்குத் திரும்புவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நான் கொஞ்சம் அதிகமாகவே செல்லம் கொடுத்துவிட்டேன். எட்டாவது வாரம் இரண்டாம் பாத்தி முதல் பாத்தியைத் தாண்டிவிட்டது.

ஸ்கேல் அளந்தாள். மறுபடி அளந்தாள். ஸ்கேலையே இன்னொரு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்தாள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு என் போன் அடித்தது. அந்த நேரத்தில் அது அடித்ததே கிடையாது. பதறிப்போய் எடுத்தேன்.

"எப்படி இது?" என்றாள். ஹலோகூட இல்லை. "உரமே போடாம எப்படி வளரும்?"

"தெரியலையே."

"வெயிலா இருக்குமா? அந்தப் பக்கம் சுவர் இல்லல்ல?"

"இருக்கலாம். மண்ணுக்கடியில ஏதாவது இருக்குமோ?"

"யோசிக்கிறேன். நீயும் யோசி. நாளைக்குப் பண்றேன்."

மறுநாளும் சரியாக ஏழு மணிக்குப் பண்ணினாள். அதற்கு மறுநாளும். முதலில் தக்காளி மட்டும் பேசினோம். பிறகு அவளுடைய அண்ணன் அவள் நோட்டில் கிறுக்கி வைத்தது, கணக்கு டீச்சர் தும்முகிற விதம், அவளுக்கு இருட்டில் பயம் என்பது எல்லாம் வந்தது. பள்ளியில் தன்னைப் பைத்தியம் என்று சொல்கிறார்கள் என்றும் ஒரு நாள் சொன்னாள். என் அம்மாவைப் பற்றி நான் சொன்னபோது, "சாப்ட்டியா?" என்று கேட்டாள். இப்படிப் பேசிய மூன்று வாரமும் ஆறரை மணிக்கே ரொட்டியை முடித்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் அப்பாவிடம், "நேத்து ஒரு மணி நேரம் பேசினோம்பா" என்பேன். அவர் முகத்தில் தூக்கத்தை மீறி ஒரு சிரிப்பு வரும்.

உண்மையைச் சொல்லிவிட்டால் போன் நின்றுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. உரத்தண்ணீரையும் நிறுத்தவில்லை.

பருவ முடிவில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர்களையெல்லாம் அழைத்துத் திறந்தவெளிக் கண்காட்சி. விவசாயக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் வருவதாக விசில் அக்கா சொன்னார். ஸ்கேலுக்குத் தலைகால் புரியவில்லை. உரம் இல்லாமலேயே தக்காளி வளரும் என்று சார்ட் போட்டு, அவர் முன்னால் நின்று விளக்கப் போவதாகச் சொன்னாள். மண்ணையே படித்துக் கரைத்துக் குடித்தவர் அந்தப் பேராசிரியை. நாலு கேள்வியில் பிடித்துவிடுவார். அத்தனை பேர் நடுவில் இவள் மூக்குடைபட்டு நிற்பாள். பைத்தியம் என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவள் போன் பண்ணினாள்.

"சீக்கிரம் பேசு, சார்ட்ல இன்னும் தலைப்பே எழுதல" என்றாள்.

"ரெண்டாம் பாத்திக்கு நான் உரத்தண்ணி ஊத்தினேன்."

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"எப்ப இருந்து?"

"அஞ்சாவது வாரத்துல இருந்து."

"எத்தனை தடவை?"

"வாரத்துக்கு மூணு. சில வாரம் நாலு."

"எவ்வளவு?"

"ஒரு பூவாளி."

"எதுக்கு?"

"பாவமா இருந்துச்சு."

எழுதுகிற சத்தம் நின்றது. "ஊத்தினதுகூடப் பரவால்ல" என்றாள். "நான் தினம் போன் பண்ணி ஏன் ஏன்னு கேட்டேன்ல. நீயும் என்கூடச் சேர்ந்து யோசிச்சியே. வெயிலா இருக்குமோ, மண்ணா இருக்குமோன்னு. அதெல்லாம் என்ன?"

"அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"எனக்கும்தான்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் புதுச் சார்ட்டோடு வந்தாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியிருப்பாள்போல, கண் சிவந்திருந்தது. பேராசிரியை முன்னால் ஸ்கேலை நீட்டிக்கொண்டு ஒரு பிசிறு இல்லாமல் பேசினாள். "அஞ்சாவது வாரத்துல இருந்து என் ஜோடி இந்தப் பாத்திக்கு உரத்தண்ணி ஊத்திட்டாங்க. பாவம் பார்த்து ஊத்தினாங்க. அதனால எங்க சோதனை செல்லாது. ஆனா உரத்தண்ணி எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், யாரும் கேலி செய்யவில்லை. பேராசிரியை கை தட்டினார். தப்பை மறைக்காமல் சொன்னதற்கு ஸ்கேலின் முதுகில் தட்டிக்கொடுத்தார். வேலையிலிருந்து வந்து சரியாகத் தூங்காமல் கிளம்பி வந்திருந்த அப்பா, பக்கத்தில் நின்ற யாரிடமோ, "ஊத்தினது என் பொண்ணுதான்" என்று பெருமையாகச் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் ஸ்கேல் நேராக விசில் அக்காவிடம் போனாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

"அடுத்த பருவத்துக்கு எனக்கு வேற ஜோடி போடுங்கக்கா. அவ ஊத்தினதுக்காகச் சொல்லல. கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அளவு சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நானும் அப்பாவும் வீட்டுக்கு நடந்தோம். அப்பா ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"நல்லாப் பேசுதும்மா உன் பிரெண்டு. அந்தப் பொண்ணுதானே தினம் ஏழு மணிக்குப் பண்றது? ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு."

"இனிமே பண்ண மாட்டாப்பா."

"ஏன், சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"ஆகாதுப்பா" என்றேன். அதுவரைக்கும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தவள், சலவைக்கடை வாசலில் நின்று அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா போன பிறகு அவர் முன்னால் நான் அழுததே இல்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு? நல்லாத்தானே இருந்த."

"நான் எங்கப்பா நல்லா இருந்தேன்? நாலு மணியில இருந்து ஒருத்தர்கூட இல்ல. நீங்க கேட்கிறீங்கன்னுதான் நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

அப்பா என் தோளில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சலவைக்கடைக்காரர் துணி தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அப்பாவின் பார்வை அவரையும் மீறி, கடைக்குள் மாட்டியிருந்த கடிகாரத்துக்குப் போனது. நான் அதைக் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும் சட்டென்று தரையைப் பார்த்தார்.

"இன்னிக்கு லீவு சொல்லிடட்டுமா?" என்றார். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. லீவு கொடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

"வேண்டாம்பா. நேரமாச்சு, கிளம்புங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டார். ஒன்றரைக்குக் கிளம்பினார். மாடிப்படியில் பாதி இறங்கியவர் திரும்பி நின்று எதையோ கேட்க வாயைத் திறந்தார். வழக்கமாகக் கேட்கிற அந்தக் கேள்விதான் வந்திருக்கும். கேட்காமலேயே இறங்கிப் போனார்.