இடைவேளைக்கு வந்த கோட்டு

அப்பாவின் கறுப்புக் கோட்டு மகளின் மடியில் இருந்தது. வழக்கமாக அது அம்மாவின் மடியில் இருக்கும்.

அப்பாவின் பியானோக் கச்சேரியின் இடைவேளையில் அம்மா மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போவாள். வெறுங்கையோடு போனால் வாசிப்பு நன்றாக இருக்கிறது, மிச்சத்தையும் வாசிக்கலாம் என்று அர்த்தம். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கிளம்பலாம் என்று அர்த்தம். அந்த அறையில் எப்போதும் நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் கல்யாணமான புதிதில் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு இது. அம்மா ஒரு தடவைகூடக் கோட்டை எடுத்துக்கொண்டு போனதில்லை.

அம்மா இறந்தபின் அப்பா பியானோவின் மூடியைத் திறக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போவார். இந்தக் கச்சேரிக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் மறுபடியும் மனிதரானார். காலையில் பயிற்சி, மத்தியானம் ஒழுங்கான சாப்பாடு, சாயங்காலம் மறுபடியும் பயிற்சி. மகள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது தெருமுனையிலேயே பியானோ கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கும்.

கோட்டை அவர் அவளிடம் கொடுத்தது கச்சேரிக்கு வரும்போது, காரில்.

"எனக்குப் பியானோவப் பத்தி ஒண்ணும் தெரியாதேப்பா."

"தெரிஞ்சவங்கதான் பொய் சொல்வாங்க. நீ பக்கத்துல இருக்கிறவங்களைப் பாரு. அழுறாங்களேன்னு ஏமாந்துடாதே, கண்ணீர் எதுக்கு வேணும்னாலும் வரும். இருமலைக் கவனி. நல்லாக் கேட்டுட்டு இருக்கிறவனுக்கு இரும ஞாபகம் வராது. உங்கம்மா கண்டுபிடிச்சது."

"கெட்டுப்போச்சுன்னா?"

"கோட்டு வரட்டும். இன்னையோட நிறுத்திக்கிறேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்குப் பொய் சொல்ல வராது. சின்னப் பிள்ளையிலேயே மாட்டிக்குவே."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். என்ன முடிவு வந்தாலும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது. அதைப் பிரித்துப் படித்துச் சொல்வது டாக்டரின் பாடு. வாய் திறந்து ஒருவருக்கும் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிராத வேலை என்பதாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. வாசலில் அப்பாவின் பழைய படத்தை ஆளுயரத்துக்கு ஒட்டி, கீழே 'புயல்' என்று போட்டிருந்தார்கள். ரசிகர்கள் வைத்த பெயர். அவருடைய இடது கை ஓடும் வேகத்துக்காக வைத்தது.

அவளுக்கு வலப்பக்கத்தில் வயதான ஒரு தம்பதி. கணவருக்கு விடாத இருமல்.

"மிட்டாயை வாயில போடுங்க. ஊரே நம்மளப் பாக்குது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேடி."

"ஆரம்பிச்சப்புறம் காகிதத்தைப் பிரிச்சா அது அதைவிடச் சத்தம்."

"அப்ப மூச்சையும் வெளியே விட்டுட்டு வந்திருக்கணும்."

விளக்குகள் மங்கின. அப்பா மேடைக்கு வந்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவர் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, கைகளைத் துடைத்து, ஒரு கணம் சும்மா இருந்தார். பிறகு புயல் கிளம்பியது.

முதல் இரண்டு நிமிடம் அவளுக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. வீட்டில் கேட்ட அதே ஓட்டம். பிறகு இடது கையில் ஏதோ ஆனது. மாடிப்படியில் இறங்குகிறவருக்கு ஒரு படி இல்லாமல் போனது போல. அவர் சமாளித்துவிட்டார். ஆனால் அதே இடம் மறுபடியும் வந்தபோது மறுபடியும் படி இல்லை. மூன்றாம் முறை அவர் அங்கே வேகத்தைக் குறைத்து, எட்டிக் கால் வைப்பது போலக் கடந்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

வலப்பக்கத்துக் கணவர் இருமினார். பின்வரிசையில் ஒருவர். பிறகு மாடத்திலிருந்து இருவர். இருமல் அரங்கத்தில் இங்கும் அங்குமாகத் தொற்றிக்கொண்டது. எங்கோ கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம். அவளுக்குக் கை கால் சில்லிட்டது. கோட்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

அப்புறம் அழுகை வந்தது. வலப்பக்கத்து மனைவி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முன்வரிசையில் ஒரு பெண்ணின் தோள் குலுங்கியது. முதல் பாதி முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். அவர்களுக்கே தேவைப்பட்டது போல.

இடைவேளையில் அவள் கூட்டத்தோடு நடைபாதைக்கு வந்தாள். காது தானாகத் தீட்டிக்கொண்டது.

"எப்படி வாசிச்ச மனுஷன்! எனக்குத் தாங்கல."

"சம்சாரம் போனதும் ஆளே உடைஞ்சுட்டாரு."

"இந்த வயசுல இவ்வளவு வாசிக்கிறதே பெருசுங்க."

வயதான தம்பதி சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"நீ எதுக்குடி அழுதே?"

"பாவமா இருந்துச்சுங்க. எங்கப்பா கடைசியில சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாம நின்னாரே, அது ஞாபகம் வந்துடுச்சு."

மகள் அங்கேயே சிறிது நேரம் நின்றாள். கெட்டுவிட்டது. சந்தேகமே இல்லை. ஆனால் கெட்டுவிட்டது என்று சொன்னால் நாளைக் காலையில் பியானோ மூடியபடியே இருக்கும். தட்டு வைத்தபடியே இருக்கும். தெருமுனையில் எதுவும் கேட்காது.

பொய் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். 'எல்லாரும் அழுதுட்டாங்கப்பா' என்றால் போதும். அது பொய்கூட இல்லை. அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் போய் அறைக் கதவைத் தட்டினாள்.

அறையில் அரங்க மேலாளரும் இன்னும் சிலரும் நின்று ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா வெந்நீர்ப் பாத்திரத்தில் இரு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்தி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டு நிமிர்ந்தார்.

அவள் சிரித்தாள். வீட்டிலிருந்தே பழகி வந்தது போன்ற சிரிப்பு. "அப்பா, எல்லாரும்..."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோட்டு.

குளிருக்குப் போர்த்தியதை மறந்தே போயிருந்தாள். சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"இல்லப்பா, ஏசி ரொம்பக் குளிருச்சு, அதான்..."

"கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?" என்றார் மற்றவர்களிடம். அவர்கள் போனார்கள். கதவு மூடியது. பாத்திரத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"குளிருதுன்னா சொல்றே?"

"குளிருச்சுதான்."

"சரி. கோட்டை விடு. நீ சொல்லு."

அவள் கதவைப் பார்த்தாள். பிரித்துப் படிக்க இங்கே டாக்டர் யாரும் இல்லை.

"இருமினாங்கப்பா," என்றாள். "நிறைய. அழவும் செஞ்சாங்க. ஆனா வாசிப்புக்காக இல்ல. உங்களைப் பாத்து."

சொன்ன பிறகுதான் தானும் அழுவது தெரிந்தது. அவர் கைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"உங்கம்மா ஒரு தடவைகூட இதை எடுத்துட்டு வந்ததில்லை தெரியுமா? நான் தாறுமாறா வாசிச்ச நாள்லகூட. வெறுங்கையோட வந்து நிப்பா. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறது அவளுக்கும் தெரியும்." துண்டை மடித்து வைத்தார். "போலாம். ஒண்ணே ஒண்ணு வாசிச்சிட்டுப் போலாம்."

மேலாளரைக் கூப்பிட்டு, நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்த பெரிய உருப்படியை வாசிக்கப் போவதில்லை என்றார். மேலாளருக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, சீட்டு வாங்கினவங்க எல்லாம் அதுக்காகத்தான்... என்ன சொல்றது நான்?"

"புயல் கரையைக் கடந்துடுச்சுன்னு சொல்லுங்க."

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். கோட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா வாசிக்கத் தொடங்கியது பியானோ படிக்கும் பிள்ளைகள் முதல் வருடத்தில் வாசிக்கும் சின்னத் துண்டு. அரங்கில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ மெல்லச் சிரித்தார்கள். வலது கையில் ஒரு மெட்டு. இடது கைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அவ்வப்போது ஒரு சுரம். அந்தச் சுரத்தை அவர் நல்ல மூன்று விரல்களால் மட்டும் தொட்டார். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, அது முழுக்க அடங்கும் வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததை வைத்தார். வேகத்தில் அவர் இத்தனை வருடம் கடந்துபோன இடைவெளிகளில் எல்லாம் இப்போது நின்று பார்ப்பது போல இருந்தது.

அவள் பக்கத்தில் இருந்தவர்களைக் கவனிக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

கடைசிச் சுரம் எப்போது ஓய்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவின் கைகள் மடிக்கு வந்த பிறகும் அரங்கம் அசையவில்லை. யாரும் அழவில்லை. வலப்பக்கத்துக் கணவர் வாயை லேசாகத் திறந்தபடி இருந்தார். பிரிக்காத மிட்டாய் அவர் உள்ளங்கையில் இருந்தது. அவர் மனைவி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

அந்த அமைதியில் ஒரே ஓர் இருமல். தொண்டைக்குள் வெகுநேரமாகக் காத்திருந்து வெடித்த இருமல். கோட்டின் கழுத்துப்பட்டையில் வாயை அமுக்கிக்கொண்டாள் மகள், முகமெல்லாம் சூடேறியது.

மேடையில் அப்பா தலையைத் திருப்பினார். யாருடைய இருமல் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து தலை வணங்கினார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் தொடங்கியது.

பின்னறையில் அவர் கதவைச் சாத்திவிட்டு நின்றிருந்தார்.

"இருமினது நீதானே?"

"முடிஞ்சப்புறம்தான்ப்பா. நடுவுல இல்ல. நடுவுல எனக்கு ஞாபகமே வரல."

"பக்கத்துல?"

"மிட்டாயைப் பிரிக்கக்கூட இல்ல."

அவர் தலையாட்டினார்.

"அவ்வளவுதான். இனிமே மேடை வேண்டாம்."

"வீட்டுல?"

"வீட்டுல வாசிப்பேன். இதைத்தான் வாசிப்பேன். உனக்குச் சலிச்சுப்போகும், சொல்லிட்டேன்."

அவள் பேச வாயெடுத்தாள். அதற்குள் அவர் திரும்பி நின்று, முதுகைக் காட்டி, இரு கைகளையும் பின்னால் நீட்டினார். அவள் கோட்டை விரித்துப் பிடித்தாள். வலது கை எளிதாக உள்ளே போயிற்று. இடது கையின் சுண்டுவிரல் உள்துணியில் சிக்கிக்கொண்டது. அவள் கோட்டுக் கையின் விளிம்பு வழியே தன் கையை விட்டு, அந்த விரலைப் பிடித்து, மெதுவாக வெளியே கொண்டுவந்தாள்.